டிஎம்சின்னா என்னன்னு எழுதணுமா, வேண்டாமா? டெக்னிக்கல் ரைட்டிங்குக்குப் புதுசா வர்றவங்களுக்கு

ஜூன் மாசம் பொறந்துட்டா டெல்டால எந்த டீக்கடை பெஞ்சுல போய் உக்காந்தாலும் மேட்டூர் பேச்சுதான். நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டிஎம்சி, வரத்து இத்தனை ஆயிரம் கன அடின்னு பேப்பரைப் பாக்காமலே சொல்லுவாங்க. டிஎம்சிக்கு ஃபுல் ஃபார்ம் என்னன்னு அங்க கேட்டீங்கன்னா பாதிப்பேர் முழிப்பாங்க, மீதிப்பேர் "அதைத் தெரிஞ்சுகிட்டு என்ன பண்ணப் போறே"ன்னு திருப்பிக் கேப்பாங்க. டெக்னிக்கல் ரைட்டிங் கத்துக்க வர்ற பசங்க எங்கிட்ட அடிக்கடி கேக்குற ஒரு கேள்விக்கு இந்த ரெண்டாவது கோஷ்டிகிட்டதான் நல்ல பதில் இருக்கு.

கேள்வி இதுதான். நாம எழுதுற மேனுவல்லயோ ஹெல்ப் பக்கத்துலயோ ஒரு ஷார்ட் ஃபார்ம் வருது, இல்ல அந்தத் தொழில்ல இருக்குறவங்க மட்டும் பேசிக்கிற ஒரு வார்த்தை வருது. அதை விளக்கணுமா, படிக்கிறவருக்குத் தெரிஞ்சிருக்கும்னு விட்டுடலாமா? விளக்குனா தெரிஞ்சவங்க "எங்களுக்கே பாடமா"ன்னு கடுப்பாவாங்கன்னு ஒரு பயம், விளக்கலைன்னா புதுசா வந்தவங்க அந்த வரியிலயே நின்னுடுவாங்கன்னு இன்னொரு பயம். ஸ்டைல் கைடைப் புரட்டுனா "முதல் தடவை வர்றப்போ விரிச்சு எழுது, அப்புறம் சுருக்கமா எழுது"ன்னு ஒரு ரூல் இருக்கும், நிறையப் பேர் அதைப் பண்ணிட்டு வேலை முடிஞ்சதுன்னு எழுந்து போயிடுறாங்க. என்னைக் கேட்டா விளக்கத்தான் வேணும், ஆனா விரிச்சு எழுதிட்டா விளக்கியாச்சுன்னு நினைக்கிறதுதான் சிக்கலே, அதனால அதைத்தான் இங்க நிதானமா பாக்கலாம்.

டிஎம்சியையே எடுத்துக்குவோம். தவுசண்ட் மில்லியன் கியூபிக் ஃபீட். சரி, விரிச்சாச்சு, ஏதாவது புரிஞ்சுதா? 100 கோடி கன அடின்னு தமிழ்ல சொன்னாலும் அது ரொம்பப் பெரிய நம்பர்ங்கறதைத் தாண்டி ஒண்ணும் கைக்கு வராது. இப்போ இப்படிச் சொல்லிப் பாருங்க: அணையிலேர்ந்து வினாடிக்கு 11,574 கன அடி தண்ணி ராத்திரி பகலா 24 மணி நேரம் போனா அதுதான் 1 டிஎம்சி. ஒரு நாளைக்கு 86,400 வினாடி, பெருக்கிப் பாத்துக்குங்க. இது தெரிஞ்ச உடனே பேப்பர்ல தனித்தனியா வர்ற ரெண்டு நம்பரும், அதாவது இருப்பும் திறப்பும், ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும். அணை 120 அடி ததும்ப நிக்குது, 93.47 டிஎம்சி, மேல இருந்து ஒரு சொட்டு வரலைன்னு வச்சுக்கிட்டு அந்த அளவுல திறந்துவிட்டா சுமாரா 93 நாள் வரும், வழக்கமான ஜூன் 12ல மதகைத் திறந்தா செப்டம்பர் பாதியோட சரி. ஆனா டெல்டாவுக்கு ஜனவரி 28 வரைக்கும் தண்ணி விடுறதுதான் கணக்கு. அப்போ அணை ரொம்பிடுச்சுன்னு பூ தூவிக் கொண்டாடுனாலும் பருவமழையும் மேல இருந்து வரத்தும் கை குடுக்கலைன்னா சம்பா கரையேறாதுன்னு ஒரு புதுசா வந்த ஆளுக்குக் கூட விளங்கிடும். கர்நாடகா வருஷத்துக்கு எல்லைல இருக்குற பிலிகுண்டுலுல விடவேண்டிய தண்ணி 177.25 டிஎம்சின்னு 2018 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சே, அதுவும் வெறும் நம்பரா நிக்காது, ரெண்டு முழு மேட்டூருக்குக் கொஞ்சம் கம்மின்னு ஒரு அளவு மனசுல விழும்.

பாருங்க, இதுல ஃபுல் ஃபார்ம் எங்கயும் உதவலை. வேலை செஞ்சது அந்த 11,574தான். டீக்கடை பெஞ்சுல இருக்குறவங்களுக்கு இது பல வருஷம் பாத்துப் பாத்து தானா வந்த அறிவு, 10 ஆயிரம் விட்டா கடைமடைக்கு, அதாவது வாய்க்கால் கடைசில இருக்குற வயலுக்கு, எப்போ வரும்னு அவங்களுக்குக் கணக்கு தேவையில்லை. சென்னைலயோ பெங்களூர்லயோ உக்காந்துகிட்டு காவிரி பத்திப் படிக்கிறவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது, அந்த இடைவெளியை எழுதுறவர்தான் நிரப்பணும்.

உரக்கடைல இதே கதைதான். டிஏபின்னா டை அம்மோனியம் பாஸ்பேட்னு எழுதுறது கெமிஸ்ட்ரி படிச்சவருக்கு மட்டும் ஆகும். மூட்டை மேல 18:46:0ன்னு அடிச்சிருக்கும், முதல்ல இருக்குறது தழைச்சத்து, அடுத்தது மணிச்சத்து, கடைசி சாம்பல்சத்து, மூணும் நூத்துக்கு எவ்வளவுங்கற கணக்கு. 50 கிலோ மூட்டைல 9 கிலோ தழை, 23 கிலோ மணி, சாம்பல் கிடையாது. இதைச் சொல்லிட்டா போதும், டிஏபி ஸ்டாக் இல்லை 10:26:26 எடுத்துக்குங்கன்னு கடைக்காரர் சொல்றப்போ மணிச்சத்து 23லேர்ந்து 13 கிலோவுக்கு இறங்குதே, தழை கிட்டத்தட்ட பாதியாயிடுதே, ஆனா சாம்பல் 13 கிலோ சேருதேன்னு அவரே மனக்கணக்குப் போட்டுக்குவார். படிச்ச பிறகு அவர் கையால என்ன செய்யப் போறார், அதுக்கு இந்த மூணெழுத்துலேர்ந்து என்ன வேணும், அதைக் குடுக்கணும். நான் விளக்கம்னு சொல்றது இதைத்தான்.

தொழில் பாஷைன்னா கம்ப்யூட்டர்காரங்களும் டாக்டருங்களும் வக்கீலுங்களும் பேசுற இங்கிலீஷ்னு ஒரு நினைப்பு இருக்கு. அப்படி இல்ல. குறுவை, சம்பா, தாளடி, நாத்தங்கால், கடைமடை, முறைப்பாசனம், சி டி வாய்க்கால், இதெல்லாமும் தொழில் பாஷைதான், இங்க பொறந்து வளந்ததால நமக்கு அது சாதாரணப் பேச்சாத் தெரியுது. ஜூன்ல ஆரம்பிக்கிற குறைஞ்ச நாள் பயிர் குறுவை, அதை அறுத்த வயல்லயே ரெண்டாவதா வைக்கிறது தாளடி, குறுவை வைக்காம ஒரே போகமா நீண்ட நாள் பயிரா வைக்கிறது சம்பா. இதை ஒரு வரில சொல்லாம பயிர் இன்சூரன்ஸ் ஆப்ல "பருவத்தைத் தேர்வு செய்யவும்"னு மூணையும் அடுக்கி வச்சா கோயம்புத்தூர்லேர்ந்து இங்க வந்து நிலம் வாங்குன ஆள் திணறுவார். நிலத்தளவும் அப்படித்தான். தஞ்சாவூர்ப் பக்கம் இன்னும் மா, குழி, வேலின்னுதான் பெரியவங்க பேசுறாங்க. 100 குழி 1 மா, அது சுமாரா 33 சென்ட், 20 மா சேந்தா 1 வேலி, ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல. ஆப் எழுதுன பையன் ஹெக்டேர்னு ஒரே ஒரு கட்டம் வச்சிருப்பான், அதைப் பாத்துட்டு "விவசாயிக்கு டெக்னாலஜி புரியலை"ன்னு ஆபீஸ்ல ரிப்போர்ட் எழுதுவாங்க. யாருக்கு எது புரியலைன்னு நீங்களே சொல்லுங்க.

இதனால தொழில் வார்த்தையே கெட்டதுன்னு நான் சொல்ல வரலை. தெரிஞ்ச ரெண்டு பேர் பேசிக்கிறப்போ அது நேரத்தை மிச்சம் பண்ணும், தப்பையும் குறைக்கும். "தாளடி பால் பிடிக்கிற நேரம்"னு நாலு வார்த்தைல சொன்னா கேக்குற ஆளுக்கு பயிர் வயசு, தண்ணித் தேவை, எந்தப் பூச்சி வரும் எல்லாம் கண்ணு முன்னாடி வந்துடும். அந்த வார்த்தையைத் தூக்கிட்டு "எளிமைப்படுத்துறேன்"னு அரைப் பக்கம் எழுதுனா ரெண்டு பக்கமும் நஷ்டம். வார்த்தையை வச்சுக்குங்க, பக்கத்துல ஒரு கைப்பிடி குடுங்க, அவ்வளவுதான்.

இனி எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன், ஒரே எழுத்துக்கு ஒரே வீட்டுக்குள்ள மூணு நாலு அர்த்தம் குடியிருக்குற இடம். இசிங்கற ரெண்டெழுத்தை எடுங்க. வேதாரண்யம் பக்கம் நிலம் வச்சிருக்குற ஒருத்தர் வீட்டு அலமாரில மண் பரிசோதனை அட்டை இருக்கும், அதுல இசின்னா எலக்ட்ரிகல் கண்டக்டிவிட்டி, பச்சையா சொன்னா மண்ணுல உப்பு எவ்வளவுன்னு காட்டுற அளவு, 1க்குள்ள இருந்தா பயமில்லை, ஏற ஏற முளைப்புக்கே ஆபத்து. அதே அலமாரில பத்திரத்தோட சேத்து ஒரு இசி இருக்கும், அது என்கம்பரன்ஸ் சர்டிபிகேட், நம்ம வில்லங்கச் சான்று, நிலத்து மேல கடன் அடமானம் ஏதாவது பதிவாகியிருக்கான்னு பாக்க. கொல்லைல இருக்குற பூச்சிமருந்து பாட்டில்ல குளோர்பைரிஃபாஸ் 20 இசின்னு போட்டிருக்கும், அது எமல்சிஃபையபிள் கான்சென்ட்ரேட். தேர்தல் வந்தா டிவில வேற ஒரு இசி.

அந்த மருந்து பாட்டிலைக் கொஞ்சம் கிட்டக்க வச்சுப் பாப்போம், ஏன்னா விரிக்கிறதுக்கும் விளக்குறதுக்கும் இருக்குற தூரம் அங்க நல்லா தெரியும். எமல்சிஃபையபிள் கான்சென்ட்ரேட்னு லேபிள்ல பொடி எழுத்துல முழுசா அடிச்சிருந்தாலும் கைத்தெளிப்பானோட நிக்கிற ஆளுக்கு அதால ஒரு லாபமும் இல்லை. அவருக்குத் தேவை இது: மருந்து ஒரு கரைப்பான்ல கரைஞ்சு எண்ணெய் மாதிரி இருக்கு, தண்ணில ஊத்திக் கலக்குனா பால் மாதிரி வெள்ளையா மாறணும், அப்படி மாறாம எண்ணெய் தனியா மேல மிதந்துச்சுன்னா மருந்து கெட்டுப் போயிருக்கலாம், தெளிக்காதீங்க. 20ன்னா நூத்துல 20 பங்குதான் விஷம், மீதி கரைப்பானும் கலக்க உதவுற சாமானும். பக்கத்துல இருக்குற பொட்டலத்துல டிரைசைக்ளசோல் 75 டபிள்யூபின்னு இருந்தா அது நனையுற தூள், எடுத்தவுடனே டேங்க்ல கொட்டக்கூடாது, முதல்ல கொஞ்சம் தண்ணில பசை மாதிரி குழைச்சுட்டு அப்புறம் ஊத்தணும், தெளிக்கிறப்போ நடுநடுவுல கலக்கிவிடணும், இல்லைன்னா அடில தங்கி நாசில் அடைச்சுக்கும். இப்போ இசிக்கும் டபிள்யூபிக்கும் என்ன வித்தியாசம்னு அவருக்குத் தெரியும், ஃபுல் ஃபார்ம் தெரியாமலே. ஃபுல் ஃபார்ம் மட்டும் தெரிஞ்ச ஒரு பரீட்சை மாணவருக்கு நாசில் அடைச்சுக்கும்.

அந்த மண் பரிசோதனை அட்டைல இன்னொரு வரி இருக்கும், ஓசின்னு. ஆர்கானிக் கார்பன், மண்ணுல மக்குன சத்து எவ்வளவுன்னு காட்டுறது, 0.5 சதவீதத்துக்குக் கீழ போனா குறைவுன்னு அர்த்தம். எங்க சித்தப்பா மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பாக்குறவர், அட்டையைக் கண்ணுக்கிட்ட புடிச்சுகிட்டு "ஏம்மா, ஓசி 0.38ன்னு போட்டிருக்கானே, ஓசியா எதுவும் குடுப்பானா, அதுலயும் அரைகுறையாத்தானா?"ன்னு கேட்டார். கிண்டல்தான், அவருக்கு விஷயம் தெரியும். ஆனா அந்த அட்டைல ஓசிக்குப் பக்கத்துல "மக்கு சத்து, குறைவு, தொழு உரமோ பசுந்தாளோ போடவும்"னு ஒரு வரி இருந்தா தெரியாதவருக்கும் அது அட்டையா இருக்கும், இல்லைன்னா வெறும் காகிதம்.

டிடிஎஸ்ஸும் இதே ரகம். குடிதண்ணி மெஷின்காரர் குச்சி மாதிரி ஒரு மீட்டரை டம்ளர்ல முக்கிட்டு டிடிஎஸ் 900ன்னு சொல்லுவார், அது தண்ணில கரைஞ்சிருக்குற உப்பு வகையறா, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்னு. இந்தியத் தர அளவுப்படி 500 வரைக்கும் நல்லது, வேற தண்ணியே கிடைக்காத ஊர்ல 2000 வரைக்கும் ஒத்துக்கலாம். டாக்டர் சீட்டுல மாத்திரைப் பேருக்குப் பக்கத்துல டிடிஎஸ்னா ஒரு நாளைக்கு மூணு வேளை, அது லத்தீன். பேங்க் பாஸ்புக்ல டிடிஎஸ்னா வட்டிலேர்ந்து முன்கூட்டியே புடிச்ச வருமான வரி. ஒருத்தரே காலைல மூணையும் பாக்க வாய்ப்பிருக்கு. சூழ்நிலையை வச்சுப் புரிஞ்சுக்குவாங்கன்னு சொல்றது பாதி உண்மை, மூணையும் ஏற்கனவே தெரிஞ்சவருக்குத்தான் சூழ்நிலை கை குடுக்கும். ஒண்ணை மட்டும் தெரிஞ்சவர் அந்த ஒண்ணைத்தான் எல்லா இடத்துலயும் பொருத்திப் பாப்பார், தனக்குப் புரிஞ்சிடுச்சுன்னு வேற நம்பிடுவார். புரியலைன்னு தெரிஞ்சா யாரையாவது கேப்பார், தப்பாப் புரிஞ்சா கேக்கவும் மாட்டார்.

நம்ம ஆளுங்களே மாட்டுற இடம் ஒண்ணு இருக்கு. எஃப்ஏக்யூன்னா வெப்சைட் பண்றவங்க எல்லாரும் அடிக்கடி கேக்குற கேள்விகள்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவோம். நெல் கொள்முதல் உத்தரவுல எஃப்ஏக்யூன்னா ஃபேர் ஆவரேஜ் குவாலிட்டி, அதாவது சராசரித் தரம், ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள, கல் மண் பதர் இவ்வளவுக்குள்ளன்னு ஒரு பட்டியல். கொள்முதல் நிலையத்துக்கு ஒரு ஆப் எழுதுற டீம்ல "எஃப்ஏக்யூ பேஜ் போடுங்க"ன்னு மெயில் வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. மழைல நனைஞ்ச நெல்லோட நிக்கிற ஆள் ஈரப்பதம் எவ்வளவு வரைக்கும் எடுத்துப்பாங்கன்னு பாக்க அந்தப் பட்டனைத் தொடுவார், "பாஸ்வேர்ட் மறந்துட்டா என்ன செய்வது"ன்னு பதில் வரும்.

இது எல்லாம் சிரிச்சுட்டுப் போற விஷயம்னு நினைக்காதீங்க. அமெரிக்கால ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் குடுக்குற ஜாயின்ட் கமிஷன் 2004லயே மருத்துவச் சீட்டுல எழுதவே கூடாத ஷார்ட் ஃபார்ம்கள்னு ஒரு பட்டியல் போட்டுச்சு. அதுல ஒண்ணு யூனிட்டுக்குப் பதிலா யூங்கற ஒத்தை எழுத்து. இன்சுலின் 4 யூனிட்னு எழுத வேண்டிய இடத்துல 4க்குப் பக்கத்துல அந்த எழுத்தைக் கையால கிறுக்குனா அது பூஜ்யம் மாதிரி தெரிஞ்சு 40ன்னு ஆயிடும். எழுதுறவர் மிச்சம் பண்ணது மூணு எழுத்து. அதுக்கு அவங்க சொன்ன தீர்வு யூனிட்னு முழுசா எழுதுங்கறதுதான், டாக்டரும் நர்ஸும் படிச்சவங்கதானே புரிஞ்சுக்குவாங்கன்னு விடலை.

அப்போ எல்லாத்தையும் விளக்கிடுறதா? அதுவும் கூடாது. வயலைச் சமப்படுத்த லேசர் லெவலர் ஓட்டுறாங்க இப்போ. லேசருக்கு விரிவாக்கம் லைட் ஆம்ப்ளிஃபிகேஷன் பை ஸ்டிமுலேட்டட் எமிஷன் ஆஃப் ரேடியேஷன்னு மேனுவல்ல முதல் வரில எழுதுனா டிரைவர் அடுத்த வரிக்கே போக மாட்டார். சிம், ஏடிஎம், ஓடிபி, இதெல்லாம் ஷார்ட் ஃபார்ம்ங்கறதே மறந்து போய் சாதாரண வார்த்தையா ஆயிடுச்சு. ஆர்ஓ தண்ணின்னு கேன் போடுற பையன்லேர்ந்து கல்யாண மண்டபம் வரைக்கும் எல்லாரும் சொல்றாங்க, அதைப் போய் எதிர்ச் சவ்வூடு பரவல்னு விரிச்சா தெரிஞ்ச விஷயமும் தெரியாததா மாறிடும். கூகுள் தன்னோட டெவலப்பர்களுக்குப் போட்டிருக்குற ஸ்டைல் கைடுலயும் ஏபிஐ, பிடிஎஃப் மாதிரி சிலதை விரிக்க அவசியமில்லைன்னுதான் சொல்லுது. ஆனா அங்கயும் கொஞ்சம் கவனம், டெவலப்பருக்கு எழுதுறப்போ ஏபிஐ அப்படியே போகும், அதே ப்ராடக்ட்டை வாங்கப் போற கடை முதலாளிக்கு எழுதுறப்போ போகாது, "உங்க பில்லிங் சாஃப்ட்வேரும் எங்க சாஃப்ட்வேரும் தானா பேசிக்கிற வழி"ன்னு ஒரு வார்த்தை வேணும்.

இன்னொரு பக்கம், விமானம் ரிப்பேர் பண்றவங்க மேனுவலுக்கு ஐரோப்பால ஏஎஸ்டி எஸ்டிஇ 100ன்னு ஒரு கட்டுப்பாடான இங்கிலீஷ் இருக்கு. ஏஎஸ்டின்ன உடனே நம்ம ஊர்ல அம்பாசமுத்திரத்துலேர்ந்து வந்த ஏஎஸ்டி 16 நெல்தான் ஞாபகம் வரும், இது வேற, அங்கத்திய விமானத் தொழில் அமைப்போட பேர். அதுல பொதுவான வார்த்தை சுமார் 900தான் அனுமதி, ஒரு வார்த்தைக்கு ஒரே அர்த்தம். ஆனா வேடிக்கை என்னன்னா தொழில் பேருங்களுக்கு அங்க தடை கிடையாது, பாகத்தோட பேர் என்னவோ அதை அப்படியே எழுதிக்கலாம். அவங்களுக்குப் பயம் தொழில் வார்த்தை மேல இல்லை, ரெண்டு அர்த்தம் வர்ற சாதாரண வார்த்தை மேலதான். எனக்கு இது ரொம்ப நியாயமாப் படுது.

சரி, கைல எடுத்துச் செய்யலாம். ஒரு கொள்முதல் பண ஆப்ல இப்படி ஒரு வரி இருக்குன்னு வைங்க: "கேஒய்சி பெண்டிங் எனில் என்இஎஃப்டி ஃபெயில் ஆகும், யுடிஆர் ஜெனரேட் ஆகாது." எழுதுனவர் பார்வைல ஒரு தப்பும் இல்லை. ஃபுல் ஃபார்ம் போட்டு விரிச்சா நோ யுவர் கஸ்டமர், நேஷனல் எலக்ட்ரானிக் ஃபண்ட்ஸ் டிரான்ஸ்ஃபர், யுனீக் டிரான்சாக்ஷன் ரெஃபரன்ஸ்னு வரி மூணு மடங்காகும், புரியுறது அப்படியேதான் இருக்கும். நான் எழுதுனா இப்படி எழுதுவேன்: "பேங்க்ல உங்க ஆதார், போட்டோ சரிபார்ப்பு, அதாவது கேஒய்சி, முடியலைன்னா நெல்லுப் பணம் அக்கவுண்ட்ல ஏறாது. பணம் அனுப்பிட்டா யுடிஆர்னு ஒரு நம்பர் வரும், பணம் வரலைன்னு புகார் குடுக்கப் போனா பேங்க்ல முதல்ல அதைத்தான் கேப்பாங்க." என்இஎஃப்டியைத் தூக்கிட்டேன், பணம் எந்த வழியா வருதுங்கறது அவருக்கு இங்க வேண்டாம். கேஒய்சியையும் யுடிஆரையும் வச்சிருக்கேன், ஏன்னா பேங்க் கவுண்ட்டர்ல அந்த எழுத்தைத்தான் சொல்லிக் கேப்பாங்க, அவர் காதுல அது விழுந்தா அடையாளம் தெரியணும். இதுல நான் எடுத்த முடிவு மூணும் ஒரே மாதிரி இல்லை, ஒரே ரூலை வச்சு மூணையும் எடுத்திருக்க முடியாது.

"முதல் தடவை மட்டும் விளக்கு"ங்கற ரூல் புத்தகக் காலத்து ரூல், முதல் பக்கத்துலேர்ந்து படிச்சுகிட்டு வர்றவங்களுக்கானது. இப்போ யாரு அப்படிப் படிக்கிறா? தேடிட்டு நேரா 14வது பக்கத்து நடுவுல வந்து குதிக்கிறாங்க, உங்க முதல் தடவை அவங்க கண்ணுலயே படாது. அதனால பக்கத்துக்கு ஒரு தடவையாவது சொல்லணும். கடைசில அகராதி மாதிரி ஒரு பட்டியல் போட்டுட்டோம்னு சிலர் தப்பிச்சுக்குவாங்க, அது இருக்கட்டும், ஆனா மொபைல்ல பாதி வரில நிக்கிறவர் அந்தப் பக்கம் போய்ட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள வந்த வேலையே மறந்துடும். வெப் பக்கம்னா எச்டிஎம்எல்ல ஏபிபிஆர்னு ஒரு டேக் இருக்கு, மவுஸைக் கொண்டு போய் வச்சா விரிவாக்கம் எட்டிப் பாக்கும், அழகுதான், விரலால தொட்டுப் படிக்கிறவங்க மவுஸுக்கு எங்க போவாங்க? வரிக்குள்ளயே ரெண்டு வார்த்தையாச் சொல்றதுக்கு ஈடு எதுவும் இல்லை. ஷார்ட் ஃபார்மையும் விட்டுடாதீங்க, ஏன்னா தேடுறவங்க அதைப் போட்டுத்தான் தேடுவாங்க.

தெரிஞ்சவங்க கோவிச்சுக்குவாங்களாங்கற பயத்துக்கு வருவோம். நடைமுறைல கோவம் வர்றது விளக்கத்தால இல்லை, அதைச் சொல்ற தோரணையால. "இப்போது நாம் டிஎம்சி என்றால் என்ன என்று பார்ப்போம்"னு தனிப் பத்தி போட்டா தெரிஞ்சவருக்கு அலுப்பு. "93.47 டிஎம்சி, அதாவது வினாடிக்கு 11,574 கன அடி வீதம் 93 நாளைக்கு வர்ற தண்ணி"ன்னு போற போக்குல சொன்னா தெரிஞ்சவர் கண்ணு அதைத் தாண்டிப் போயிடும், அவருக்குச் செலவு அரை வினாடி. தெரியாதவருக்கு அது இல்லைன்னா அந்தக் கட்டுரையே இல்லை. ரெண்டு நஷ்டத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்தா எனக்கு இதுல பெரிய தர்மசங்கடம் ஒண்ணும் தெரியலை.

ஒண்ணு மட்டும் கண்டிப்பாப் பண்ணாதீங்க, புதுசா ஷார்ட் ஃபார்ம் உருவாக்காதீங்க. ஆபீஸ்ல மூணு வார்த்தை சேந்து வந்தா போதும், உடனே முதல் எழுத்தை எடுத்து ஒரு பேர் வச்சுடுறாங்க, ரெண்டு மாசத்துல அது கஸ்டமர் படிக்கிற பக்கத்துலயும் ஏறிடுது. ஒரே பொருளை ரெண்டு மூணு பேர்ல கூப்பிடுறதும் அதே மாதிரி தொல்லை. தஞ்சாவூர்க்காரருக்கு ஜிஏ கெனாலும் கல்லணைக் கால்வாயும் புது ஆறும் ஒண்ணுன்னு தெரியும், மேப்ல ஒண்ணு, அரசாணைல ஒண்ணு, பேச்சுல ஒண்ணு. வெளியூர்லேர்ந்து வந்த இன்ஜினியர் மூணு வாய்க்கால்னு எண்ணிக்குவார். ஒரு பேரை எடுத்துக்குங்க, மத்த ரெண்டையும் ஒரு தடவை சொல்லி வச்சுட்டு, கடைசி வரைக்கும் அந்த ஒண்ணையே எழுதுங்க, ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வருதேன்னு வெக்கப்படாதீங்க, இது கவிதை இல்ல.

எதை விளக்கணும்னு எப்படித் தெரியும்? எழுதுனவருக்கு அது தெரியவே தெரியாது. ஒரு விஷயம் நல்லா பழகிட்டா அது தெரியாம இருந்த காலம் எப்படி இருந்துச்சுன்னு மனசுக்கு வராது. அதனால அந்தத் தொழில்ல இல்லாத ஒருத்தர்கிட்ட குடுத்து சத்தமா படிக்கச் சொல்லுங்க. "புரிஞ்சுதா"ன்னு கேக்காதீங்க, நம்ம ஆளுங்க மரியாதைக்குப் புரிஞ்சுதுன்னுதான் சொல்லுவாங்க. "இதைப் படிச்சுட்டு இப்போ நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னு கேளுங்க. படிக்கிறப்போ எங்க குரல் இறங்குதோ, எந்த எழுத்தை முணுமுணுத்துட்டுத் தாண்டுறாங்களோ, அங்க பென்சிலால ஒரு கோடு போட்டுக்குங்க.

கடைசியா தமிழ்ல எழுதுற நமக்கு மட்டும் இருக்குற ஒரு தலைவலி, இங்கிலீஷ் ஸ்டைல் கைடு எதுலயும் இது கிடைக்காது. இங்கிலீஷ்ல தனித்தனியா இருக்குற எழுத்து நம்ம எழுத்துல ஒண்ணாயிடும். "ரோட்டாவேட்டரை பிடிஓவில் இணைக்கவும்", "மனுவை பிடிஓவிடம் அளிக்கவும்". முதல் பிடிஓ டிராக்டர் பின்னாடி சுத்துற ஷாஃப்ட், ரெண்டாவது பிடிஓ ஒன்றிய ஆபீஸ்ல உக்காந்திருக்குற வட்டார வளர்ச்சி அலுவலர். இங்கிலீஷ்ல PTO, BDOன்னு படிக்கிறவருக்கு இந்தக் குழப்பமே வராது, நமக்கு ரெண்டும் ஒரே மாதிரி. டிடியும் அப்படித்தான், பேங்க்ல ஒண்ணு, டிவில ஒண்ணு, ஆணி குத்துனா ஒண்ணு. பேசுறவங்க இதுக்கு எப்பவோ வழி கண்டுபிடிச்சுட்டாங்க, பிடிஓ ஷாஃப்ட், பிடிஓ ஆபீஸ், டிடி ஊசி, டிடி சேனல்னு ஒரு ஒட்டு வார்த்தை சேத்துக்குவாங்க, "டிடி எடுக்கணும்"னா பேங்க், "டிடி போடணும்"னா ஆஸ்பத்திரின்னு வினையை வச்சே பிரிச்சுடுவாங்க. எழுதுறப்போ அந்த ஒட்டு வார்த்தையை வெட்டாம விடுங்க, ஏடிஎம் மெஷின்ல மெஷின் ரெண்டு தடவை வருதுன்னு எடிட்டர் சிவப்பு மையில சுழிச்சாலும்.